பச்சை உடம்புக்காரிக்கு ஒரு பைனாகுலர்

பெரிய நம்பர் போட்டிருந்தால் அது நல்ல பைனாகுலர் என்று நினைக்கிறவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். போன மாதம் என் தங்கை மகன் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். கடைக்கே போகவில்லையாம். போனில் பார்த்து, போனிலேயே காசு கட்டி, வாசலுக்கு வந்து இறங்கிவிட்டதாம். "பெரியம்மா, இருபது மடங்கு! எப்படி?" என்றான். எடுத்துக் கண்ணில் வைத்தேன். எதிர் புளோக்கில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். ஆடுவது துணியா, என் கையா, இரண்டுமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "எதைப் பார்க்கிறதுக்குடா வாங்கினே?" என்று கேட்டேன். "பறவை" என்றான். "அது பறக்குமே, தெரியுமா உனக்கு?" என்றேன். பையன் முகம் சுண்டிப்போய்விட்டது. அவனைச் சமாதானப்படுத்த உட்கார்ந்து பேச ஆரம்பித்ததுதான் இது. பாதியிலேயே அவன் தூங்கிவிட்டான். எனக்குத்தான் பேச்சு நிற்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பைனாகுலர் விற்றவள். ஆமாம், பொம்பளைதான். ஐம்பதுகளின் கடைசியில், பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டுவிட்டு, சிராங்கூன் ரோட்டில் டைப்பிங் கற்றுக்கொண்டு, நார்த் பிரிட்ஜ் ரோட்டில் யூசுப் நானா கடையில் பில் அடிக்கச் சேர்ந்தேன். நானா என்றால் அண்ணன். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதனால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கடையில் பேனா, கைக்கடிகாரம், கேமரா எல்லாம் இருந்தாலும் நானாவின் உயிர் பைனாகுலரில்தான். சண்டை முடிந்து கடற்படைக்காரர்கள் கழித்துக்கட்டிய சரக்கு, ஜப்பானிலிருந்து புதிதாக வந்து இறங்கிய சரக்கு என்று இரண்டு அலமாரி நிறைய வைத்திருந்தார். மலாய்க்காரர்கள் வந்து 'தெரோப்போங்' கேட்பார்கள், கப்பல் அதிகாரிகள் 'கிளாஸ்' கேட்பார்கள், நம்மவர்கள் 'அந்தத் தூரத்துக் கண்ணாடி' என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

நானா மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட சாரம், தலையில் சொங்கோக் தொப்பி. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரணமாக என்னை "சரசு, இங்க வா" என்பவர், "சரசு, கொஞ்சம் இங்க வாங்க" என்றால் கடையே நடுங்கும். முதல் வருஷத்தில் எனக்கு வாரத்துக்கு இரண்டு 'வாங்க' கிடைத்தது.

அவர் கண்ணாடி விற்கிற முறையே வேறு. வாடிக்கையாளர் உள்ளே வந்து கையை நீட்டினால் எதையும் கொடுக்க மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். எங்கே நின்று பார்ப்பீங்க? எந்நேரத்துல பார்ப்பீங்க? பார்க்கும்போது இன்னொரு கையில என்ன இருக்கும்? மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் சிரிப்பார்கள். நானா சிரிக்க மாட்டார். குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவன் கையில் பென்சில் இருக்கும். படகில் நிற்பவன் கையில் கயிறு இருக்கும். இரண்டு கையும் சும்மா இருக்கிறவன் பைனாகுலர் வாங்குவதில்லை என்பது அவர் கட்சி.

அதற்குப் பிறகுதான் சாமான் வெளியே வரும். ஒவ்வொன்றின் மேலும் இரண்டு எண் இருக்கும், ஆறும் முப்பதும், ஏழும் ஐம்பதும் என்று. முதல் எண், பொருள் எத்தனை பங்கு கிட்டே வரும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் அகலம். பின்னதை முன்னதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அகலம் கிடைக்கும். கணக்கில் கோட்டைவிட்ட எனக்கு இதைச் சொன்னபோது அழுகையே வந்துவிட்டது. நானா வகுக்கவில்லை. கண்ணாடியைக் கை எட்டும் தூரத்தில் வானத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். கண் வைக்கிற இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் மிதந்தது. "இதுதான் வெளிச்சப் பொட்டு. பொட்டு பெருசா இருந்தா சாயங்காலத்துக்கு ஆகும். சின்னதா இருந்தா வெயிலுக்கு மட்டும். இவ்வளவுதான் கணக்கு, கண்ணைத் தொடச்சிக்க" என்றார்.

பிறகு இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கிறதா என்ற சோதனை. எதிர்க்கடைக் கூரை விளிம்பைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெல்லக் கண்ணிலிருந்து விலக்க வேண்டும். விளிம்பு ஒரே கோடாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்று இருந்தால் உள்ளே ஏதோ அடிபட்டிருக்கிறது. அதை வாங்கிப்போனால் தலைவலி இலவசம். இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் தனித்தனியாகத் திருகி வைக்கும்போது, "கண்ணை மூடாதீங்க, கண்ணாடியை மூடுங்க" என்பார். முன்பக்கம் உள்ளங்கையை வைத்து மறைக்க வேண்டும். கண்ணை இறுக்கி மூடினால் மற்றக் கண்ணும் சுருங்கி, வைத்த அளவெல்லாம் தப்பாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. பார்க்கப்போகிற கண் கடைக்கு வர வேண்டும். "கண் வராம கண்ணாடி கிடையாது." மாப்பிள்ளைக்குப் பரிசு, அண்ணன் பிறந்தநாள் என்று வருகிறவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிடுவார். எத்தனை வியாபாரம் அப்படிப் படியிறங்கிப் போனது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஒரு நாள் ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி, வந்தார். புக்கிட் தீமா குதிரைப் பந்தயத்துக்கு வேண்டுமாம். இருப்பதிலேயே பெரியது வேண்டுமாம். நானா வாதாடவில்லை. அலமாரி மேலிருந்து இருபது மடங்கை எடுத்துக் கொடுத்து, "ஒரு ரேஸ் ஓடுற நேரம் பிடிச்சிருங்க தவுக்கே, அது போதும்" என்று மலாயில் சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குதிரைகள் பாதி தூரம் போயிருக்கும், தவுக்கேயின் முழங்கை கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. "அலமாக்! எதுவும் நிக்க மாட்டேங்குதே" என்று அவரே சிரித்துவிட்டு எட்டு மடங்கை வாங்கிப்போனார். அவர் போன பிறகு நான் சும்மா இருக்கலாம் அல்லவா? "நானா, சூதாட்டம் ஹராம்னு சொல்வீங்க, குதிரை பாக்குறவனுக்குக் கண்ணாடி விக்கிறீங்களே?" என்று கேட்டேன். "இது குதிரையையும் பாக்கும், பெருநாள் பிறையையும் பாக்கும். அது பாக்குறவன் பாடு. நீ பில்லை அடி" என்றார்.

இன்னொருவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபோர்மன். நம்மவர், முறுக்கு மீசை. எதைக் கொடுத்தாலும் மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு மணி நேரம் எங்களைப் பாடாய்ப் படுத்தினார். நானா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, மூக்குல ரெண்டு தடம் இருக்கே. அந்தத் தடத்துக்குச் சொந்தக்காரர் பாக்கெட்டுல இருந்தா அவரையும் வெளிய கூப்பிடுங்க" என்றார். மனிதர் மீசையைத் தடவிக்கொண்டே மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு பொம்பளைப் பிள்ளை கடையில் இருக்கிறதே என்று கழற்றி வைத்தாராம்! எனக்கு வந்த சிரிப்பில் டைப் மிஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஒரு 'வாங்க'.

இப்படியே பில் அடித்துக்கொண்டு கல்யாணமாகிப் போயிருப்பேன். அதற்குள் ராமையா வந்தார்.

ஐப்பசி மாதம். தீபாவளிக்கு முந்தி சைனாடவுன் மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும் அல்லவா, அதற்குச் சில நாள் இருந்தது. மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, செருப்பில்லாத கால், வாரக்கணக்கில் மழிக்காத முகம் என்று ஓர் ஆள் உள்ளே வந்தார். முப்பது வயதிருக்கும். துறைமுகக் கிடங்கில் கிளார்க் என்று பேச்சில் தெரிந்தது. எதைவிடவும் முதலில் கண்ணில் படுவது அவர் காதுகள்தான். இரண்டும் விரிந்து முன்னால் வந்து நின்றன. நானா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வேணாம் பாய், விரதம். ஒரு நல்ல பைனாகுலர் வேணும். என் சம்சாரத்துக்கு."

"சம்சாரத்தைக் கூட்டிட்டு வாங்க தம்பி."

"வர முடியாது பாய். பச்சை உடம்பு. பிள்ளை பொறந்து இன்னும் முப்பது கழியல."

நானா வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார். ராமையா விடவில்லை. முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லையாம். மூன்றாவதாவது தங்கட்டும் என்று இவர் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டாராம். பெண் பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. பதினாறு கழித்து வீட்டைக் கழுவிவிட்டதும் தகப்பனுக்குத் தீட்டுப் போய்விடும், அதனால் இவர் காப்புக் கட்டிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் ஒரு சிநேகிதன் அறையில் தங்கிவிட்டார். தாய்க்கு முப்பது முடிய வேண்டும். தீமிதி அதற்குள் வந்துவிட்டது, அவள் கோயில் வாசலை மிதிக்க முடியாது. ஆனால் அவர்கள் குடியிருந்த மாடி அறை கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில்தான். ஜன்னலில் நின்றால் மதிலுக்கு மேலே பூக்குழி இருக்கும் இடம் தெரியும்.

"அவளுக்குக் கோபம் பாய். 'என்னைக் கேக்காம யாரு வேண்டிக்கச் சொன்னா? காலுக்குச் சுடுதண்ணி ஊத்தினாக் குதிக்கிற ஆளு தீயில எறங்குவீங்களா? விழுந்து தொலைச்சா நானும் பிள்ளையும் என்ன பண்றது?'ன்னு ஒரே அழுகை. கடைசில, 'எறங்குங்க, ஆனா நான் பாக்காம எறங்கக் கூடாது'ன்னுட்டா. சரின்னு சொல்லிட்டேன். அங்கேர்ந்து பாத்தா எல்லாம் எறும்பு மாதிரிதான் தெரியும். அவளுக்கு என் மூஞ்சி தெரியணும் பாய். அவ்வளவுதான்."

நானா தோல் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு கண்ணாடியைத் துடைத்தார். சட்டத்தை மாற்றுகிற ஆள் இல்லை அவர். ஆனால் கண் வர முடியாவிட்டால் கண்ணாடி போகலாம் என்று அவர் மனதில் பட்டிருக்க வேண்டும்.

"சரசு, நாளைக்கு நீ போ."

"நான் பில் அடிக்கிறவ நானா!"

"பிள்ளை பெத்த ரூமுக்கு என்னை அனுப்புறியா?"

அன்று சாயங்காலம் கடையைச் சாத்தும் வரை நானாவே வாடிக்கையாளராக உட்கார்ந்துகொண்டு என்னை விற்கச் சொன்னார். நான் திணறத் திணற 'வாங்க'வாக வந்து விழுந்தது. என் தொழில் பயிற்சி மொத்தமும் அந்த ஒரு சாயங்காலம்தான்.

மறுநாள் மூன்று பைனாகுலரைப் பிரம்புக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாடிப்படியிலேயே பூண்டும் பெருங்காயமும் மூக்கைத் துளைத்தன. கதவைத் திறந்தவர் ராமையாவின் தாயார். என்னையும் கூடையையும் ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே ஜன்னலோரம் செல்லம், அதுதான் அந்தப் பெண் பேர், தலையில் துணி கட்டிக்கொண்டு குழந்தையை இடது தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். முகம் சின்ன முகம். கண்கள் இரண்டும் நெருக்கமாக, மூக்கோடு ஒட்டி இருந்தன. ஐயையோ, இது சுலபமாக முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முதல் கேள்வியையே மாமியார்தான் கேட்டார்.

"இந்தாம்மா, தீட்டுக்காரி கோயிலைப் பாக்கலாமா?"

"வீட்டு ஜன்னல்ல நின்னு கோபுரத்தைப் பாக்குறாங்க இல்லம்மா? அது மாதிரிதான். இது கொஞ்சம் கிட்ட காட்டும், அவ்வளவுதான்லா."

"எவ்வளவு கிட்ட?"

"ஏழு பங்கு, எட்டு பங்கு."

"எட்டு பங்கு கிட்ட போனாக் கோயிலுக்குள்ளாறயே போயிடுமே!"

இதை நானா எனக்குச் சொல்லித்தரவில்லை. செல்லம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு என்ன தோன்றியதோ, ஒன்றை எடுத்து அந்த அம்மாள் கையிலேயே கொடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டேன். பிறகு, "அடியே, எதிர் மாடிச் சீனத்தி கருவாட்டை வெயில்ல போட்டுட்டு உள்ள போயிட்டாடி. பூனை வருது பாரு! ஏய், சூ! சூ!" என்று எதிர் மாடிப் பூனையை இங்கிருந்து விரட்ட ஆரம்பித்துவிட்டார். அரைமணி நேரம் கழித்துத்தான் கண்ணாடி என் கைக்குத் திரும்பி வந்தது, தீர்ப்போடு சேர்ந்து. அம்மன் சந்நிதிப் பக்கம் திருப்பக் கூடாது. குழியை மட்டும் பார்க்கலாம்.

இனி செல்லத்தின் கண். முதலில் கடற்படைக் கண்ணாடி, ஏழும் ஐம்பதும். வெளிச்சப் பொட்டு பெரிது, மாலை மங்கலில் அதற்கு ஈடே கிடையாது. நானா அதைத்தான் நம்பியிருந்தார். செல்லம் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு வட்டமா தெரியுது" என்றாள். நடுக் கீலை எவ்வளவு மடக்கினாலும் குழாய்கள் அவள் கண் அளவுக்கு நெருங்கவில்லை. கப்பல்காரர்கள் முகத்துக்குச் செய்தது அது. அதோடு இரும்புக் கனம், இரண்டு கையும் வேண்டும். அடுத்தது நாடகக் கொட்டகையில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வைத்திருப்பார்களே, அந்தக் குட்டிக் கண்ணாடி. முகத்துக்குப் பொருந்தியது, ஆனால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் குறுகல். நடக்கிற ஆளைத் தொடர முடியாது. "பல்லு தெரியுமா இதுல?" என்று கேட்டாள். தெரியாது.

மிச்சம் இருந்தது ஆறும் முப்பதும். பட்டாளத்துப் பழைய சரக்கு, மேலே வண்ணம் உரிந்து கிடந்தது. யாரும் வாங்காமல் அலமாரியில் தூங்கியதை நான்தான் எதற்கும் இருக்கட்டும் என்று கூடையில் போட்டிருந்தேன். கீல் நன்றாக மடங்கியது. ஒரு கையில் அடங்கியது. பொட்டும் சாயங்காலத்துக்குத் தாங்கும். சக்கரம் திருகும் வேலையும் கிடையாது. கண்ணுக்கு ஒரு தடவை வைத்துவிட்டால் தூரத்தில் எல்லாமே தெளிவு. அவள் இடது தோளில் பிள்ளை இருக்கும், வலது கை ஒன்றுதான் மிச்சம் என்று பார்த்தால் அவளுக்கு இதைவிட்டால் வேறு கிடையாது. உள்ளங்கையால் ஒரு பக்கத்தை மறைத்து மறைத்து அவள் கண்ணுக்கு அளவு வைத்தேன். பிறகு அது நகராமல் இருக்க இரண்டு பக்கமும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டினேன்.

செல்லம் கோயில் பக்கம் பார்த்தாள். குழிக்கு இடம் பார்த்து யாரோ கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அந்த ஆளு வெத்தலை மெல்றாரு" என்றாள். அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்களும் வந்துடுங்க அக்கா. எனக்குப் பயமா இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய்வந்தாயா என்று அம்மா தலைக்கு ஊற்றிவிட்டார். நானா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "ஆறும் முப்பதா?" என்று மட்டும் கேட்டார். 'வாங்க' வரவில்லை. கண்ணாடி போகிற இடத்தில் நீயும் இரு என்று தீமிதி நாளில் மத்தியானமே கடையிலிருந்து அனுப்பிவிட்டார்.

சந்து முழுக்க ஜனம். நெரிசலில் முட்டி மோதி மாடிக்கு ஏறினேன். சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே வந்த கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. மேளமும் கோவிந்தா கோஷமும் சுவரையே அதிரவைத்தன. வெயில் எங்கள் ஜன்னலில் சாய்வாக அடித்தது. புகையும் வேப்பிலை வாசமும் அறைக்குள் வந்தன. செல்லம் ஜன்னலில், இடது தோளில் தூங்கும் பிள்ளை, வலது கையில் ஆறும் முப்பதும். இந்தப் பக்கம் மாமியார். அந்தப் பக்கம் நான்.

கரகம் எடுத்தவர் முதலில் தீயில் இறங்கி, மறுகோடியில் கால் குளிர ஊற்றி வைத்திருக்கும் பாலை நோக்கிப் போனார். பின்னாலேயே ஒவ்வொருவராக. எனக்கு வெறுங்கண்ணில் மஞ்சளும் புகையும் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"எல்லாரும் மஞ்சளு, எல்லாரும் தாடி. அவரைக் காணோமே அக்கா" என்று குரல் உடைந்து சொன்னாள் செல்லம்.

"எனக்குக் குடு, நான் தேடுறேன்."

"மாட்டேன்" என்றாள். சரிதான், குடுக்கக் கூடாதுதான்.

திடீரென்று, "காது! அத்தே, அதோ காது!" என்று கத்தினாள். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "அவங்கப்பா காதுடி அது. எங்க இருக்கான்? என்ன பண்றான்?"

"வரிசையில நிக்கிறாரு."

பிறகு அவள் உதடு மட்டும் அசைந்தது. நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன். "நடங்க… நடங்க…" என்று முனகிக்கொண்டிருந்தாள். ராமையா குழிக்கரை வரைக்கும் வந்துவிட்டு, விலகி ஓரமாக நின்றுவிட்டார் என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள். பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டித் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார்களாம். வாய் கோணி, கண்ணெல்லாம் பயமாம். அவளால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"ஏன்டி வாயைத் திறக்க மாட்டேங்குற? என்னடி ஆச்சு?" என்றார் மாமியார்.

"வரிசை அத்தே, வரிசை பெருசு." சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "வேணாங்க. வந்துடுங்க. அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன், வந்துடுங்க" என்று கெஞ்சினாள். கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. எனக்குக் கடைக்குப் போய் பில் அடித்தால் போதும் என்றிருந்தது.

"மேல பாக்குறாரு" என்றாள் திடீரென்று. "அம்மனைக் கூப்பிடுறாரு போல." கோயில் பக்கம் கோஷம் எழும்பியது. அவள் கண்ணாடி மெல்ல இடமிருந்து வலமாக நகர்ந்தது. ஓடவில்லை, நிதானமாக நகர்ந்தது. நின்றது. "பால்ல கால வெச்சிட்டாரு" என்றாள். கை தொங்கிப்போய்விட்டது. நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன்.

"நடந்துட்டானா? எப்படி நடந்தான்?" மாமியார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஜம்முனு நடந்தாரு அத்தே. ஒரு நொடி கூட நிக்கல" என்றாள் செல்லம். அப்புறம் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்கிற பார்வை. நான் எங்கே திறப்பேன்?

நாலைந்து நாள் கழித்து ராமையா கடைக்கு வந்தார். முகம் மழித்து, சட்டை போட்டு, காலில் செருப்போடு. கையில் அந்தக் கண்ணாடி. வந்த ஆளிடம் வெற்றி பெற்ற களையே இல்லை. நானா பேனா விற்றுக்கொண்டிருந்தார். ராமையா நேரே என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இதுல முகமெல்லாம் தெரியுமாம்மா? அவ்வளவு தூரத்துக்கு, அவ்வளவு தெளிவா?"

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பயந்து நின்றதைப் பெண்டாட்டி பார்த்துவிட்டாளோ என்று ஆளுக்குக் கவலை. செல்லத்தின் வார்த்தையை நான்தான் காப்பாற்ற வேண்டும். "சேச்சே, ஆறு பங்குதானே? மஞ்சள் துணி அசையிறது தெரியும், முகமெல்லாம் தெரியாதுங்க" என்று ஒரே போடாகப் போட்டேன்.

"சரசு" என்றது நானாவின் குரல். "கொஞ்சம் இங்க வாங்க." தன் சரக்கை அவர் கடைக்குள்ளேயே ஒருத்தி குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் நகரவில்லை. ஏனென்றால் ராமையாவின் முகம் விழுந்துபோயிருந்தது.

"அதான் நானும் நெனச்சேன்" என்றார். "வீட்டுல எல்லார்கிட்டயும், ஒரு நொடி கூட நிக்காம நடந்தாருன்னு சொல்லிக்கிட்டிருக்கா. நான் நின்னேம்மா. கால் வரல. திரும்பிப் போயிடலாம்னே நெனச்சேன். அப்பதான் மேல பாத்தேன். எங்க ஜன்னல்ல ரெண்டு கண்ணாடியும் வெயில் பட்டு மின்னுச்சு. அவ பாத்துக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சப்புறம்தான் கால் எழும்புச்சு. அவளுக்கு என்னைத் தெரியவே இல்லையா? எவனையோ பாத்துட்டு நான்னு நெனச்சுக்கிட்டாளா?"

என்ன சொல்வது? முகம் தெரியும் என்றால் செல்லம் சொன்னது பொய்யாகிவிடும். தெரியாது என்றால் இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க இந்த வலியோடு இருப்பார். வாயால் ஒன்றும் சொல்லக் கூடாது என்று முடிவுக்கு வந்தேன். கண்ணாடியை அவர் கையிலிருந்து வாங்கி, பிளாஸ்டர் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவர் கண்ணுக்குக் கீலை மட்டும் விரித்து, கடை வாசலுக்கு அழைத்துப் போய்த் திருப்பிக் கொடுத்தேன்.

"நீங்களே பாருங்க" என்றேன்.

ரோட்டின் கோடியில் பஸ் நிற்கும் இடம், கோயில் குழி எவ்வளவு தூரமோ அவ்வளவு இருக்கும். ஒரு மலாய்க்கார அம்மாள் பையனைப் பிடித்து மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் திமிறிக்கொண்டிருந்தான். ராமையா பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அதற்கப்புறமும் கண்ணாடியை இறக்கவில்லை.

"அந்தப் பையன் நாக்கை நீட்டினான்" என்றார் மெதுவாக. பிறகு கண்ணாடியை இறக்கினார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"கள்ளி" என்றார். "எல்லாத்தையும் பாத்துட்டா."